மூன்றாவது தொட்டி

ஜனவரி 9

அன்புள்ள வாலுக்கு,

அத்தை எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உனக்கு அங்கே குளிர் எப்படி, இருமல் நின்றதா என்று எழுது. நீ கிளம்பிய அன்று பஸ் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. போனில் உன் குரலைக் கேட்டால் அழுகை முந்திக்கொள்கிறது. நீயும் அங்கே அழுகிறாய், பேசின மாதிரியே இருப்பதில்லை. கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு உட்காரலாம். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

உன் மாமா போய் இன்றோடு அறுபத்தாறு நாள். காலையில் இரண்டு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு ஒன்றைத் திரும்பக் கவிழ்க்கிறேன். அவருடைய ரப்பர் செருப்பு வாசலிலேயே கிடக்கிறது. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று குனிந்தால், வெளியே போனவர் வந்து தேடுவாரே என்று தோன்றுகிறது. நிமிர்ந்துவிடுகிறேன்.

கடல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குக் குறைவில்லை. நீ வந்து கலக்கிவிட்டுப் போன தொட்டி அறையைச் சுத்தம் செய்ய மூன்று நாள் ஆயிற்று. உன் ஆராய்ச்சிக்கு எடுத்த கடல் முள்ளெலிகள், பாறையான் பதினைந்து, புல்லான் பதினைந்து, எல்லாவற்றையும் திரும்பக் கடலில் விட்டாயிற்று. மாமா இடத்துக்கு வந்திருக்கிற புது முக்குளிப்பு ஆள்தான் கொண்டுபோய் விட்டார். அவரும் என்னை "ஸ்கேன் அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். "பாத்தா ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு வகையையும் தொட்டே பிரிச்சுடுவீங்களாமே" என்றார். பழைய ஆட்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

ஐஸ் பெட்டியில் நீ எடுத்துப்போன குஞ்சுகள் கெடாமல் வந்து சேர்ந்தனவா? வழியில் கெட்டிருந்தாலும் வருத்தப்படாதே. அடுத்த வருஷம் புதிதாக எடுத்துக்கொள்ளலாம், ஒன்றும் முழுகிப் போகாது.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் அப்பாவுக்கு ஒரு வரி எழுது. என் தம்பி வாய்விட்டுக் கேட்க மாட்டான்.

உன் அத்தை


ஜனவரி 30

அன்புள்ள அத்தைக்கு,

இருமல் நின்றுவிட்டது, மூக்குதான் நிற்கவில்லை. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? "ஒன்றுமில்லை" என்று எழுதுவதை நான் நம்பப்போவதில்லை. கால் வீக்கம் வடிந்ததா? செருப்பு அங்கேயே இருக்கட்டும் அத்தை. யாருக்கு என்ன இடைஞ்சல்?

குஞ்சுகள் ஒன்றுகூடக் கெடவில்லை. பெட்டியைத் திறந்தபோது ஐஸ்கூடப் பாதி மிச்சம் இருந்தது. என் எதிர் மேசையில் ஒருவர் இருக்கிறார், நெட்டையாகக் கழுத்தை நீட்டிக்கொண்டே இருப்பார், நாங்கள் கொக்கு என்போம். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு சுத்தமா யார் பிரிச்சுக் குடுத்தா?" என்றார். எங்கள் அத்தை என்றேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்டார். தொட்டிப் பல்கலைக்கழகம் என்றேன்.

நான் என்ன செய்கிறேன் என்று அங்கே வைத்துக் கேட்டீர்கள், சரியாகச் சொல்லவில்லை. பாறையானும் புல்லானும் அக்கம்பக்கத்து உறவுக்காரர்கள். இரண்டு வீட்டிலும் கிட்டத்தட்ட அதே சாமான்தான். ஆனால் ஒரு வீட்டில் அடுப்பு ஐந்து மணிக்குப் பற்றுகிறது, இன்னொரு வீட்டில் ஆறு மணிக்கு. முட்டை கருக்கட்டின பிறகு குஞ்சுக்குள்ளே கண்ணாடி மாதிரி இரண்டு சின்ன எலும்புக் குச்சி முளைக்கும், நுண்ணோக்கியில் காட்டினேனே, அதுதான். அந்தக் குச்சியைக் கட்டுகிற ஜீன் பாறையானிடம் இருபதாவது மணியில் வேலையைத் தொடங்குகிறது, புல்லானிடம் இருபத்தாறாவது மணியில். சாமான் ஒன்றாக இருக்கும்போது நேரம் மட்டும் எப்படி மாறியது என்பதுதான் என் கேள்வி. இதற்கு நாலு வருஷம் படிக்க வேண்டுமா என்று அப்பா கேட்கிறார்.

எல்லாமே நீங்கள் பிரித்துக் கொடுத்ததில்தான் நிற்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் வால்


பிப்ரவரி 11

அன்புள்ள வாலுக்கு,

கடிதம் கிடைத்தது. கால் வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. நின்றே வேலை செய்கிற காலுக்கு அவ்வளவுதான். உன் மூக்குக்கு வெந்நீர் ஆவி பிடி, மாத்திரையை முழுங்கிக்கொண்டே இருக்காதே.

அடுப்புக் கதை நன்றாகப் புரிந்தது. நிலையத்தில் பெரிய டாக்டர் இத்தனை வருஷம் சொல்லியும் எனக்கு மண்டையில் ஏறாதது அது. நீ வாத்தியார் ஆகலாம்.

புது ஆள் நேற்று ஒன்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உன்னைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஊசி போட்டுக் கவிழ்த்து வைத்தால் பெட்டை மஞ்சளாக முட்டை விடுகிறது, ஆண் பால் மாதிரி விடுகிறது. இரண்டையும் கலந்தால் குஞ்சு. ஒருவேளை பெட்டை புல்லானாக இருந்து, ஆண் பாறையானாக இருந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பாலைப் பார்த்து எந்த வகை என்று சொல்ல முடியுமா? சும்மாதான் கேட்டார். அவசரமில்லை.

தொட்டி அறை ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள். மாமா முடிச்சுக் கயிறு மாட்டுகிற ஆணியைப் பிடுங்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை.

உன் வேலை எந்த அளவில் இருக்கிறது? யாரிடமாவது காட்டிவிட்டாயா?

சாப்பிடு. தூங்கு.

உன் அத்தை


பிப்ரவரி 26

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? இங்கே வெயில் எட்டிப் பார்க்கிறது, மூக்கு சமாதானத்துக்கு வந்திருக்கிறது.

உங்கள் புது ஆளுக்குப் பதில்: பாலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. தாய் ஒரு வகை, தகப்பன் வேறு வகை என்றாலும் குஞ்சு பிறக்கும். ஆனால் அடுப்பு ஐந்துக்கும் பற்றாது, ஆறுக்கும் பற்றாது, ஐந்தரைக்குப் பற்றும். அதற்கெல்லாம் நம் வேலையில் வழியே இல்லை என்று சொல்லுங்கள். பிரித்தது யாருடைய கை? பதினாலு வருஷமாக ஒரு தப்பு நடந்ததில்லை என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார். அந்தக் கையை நம்பாமல் நான் எந்த மிஷினை நம்புவது?

இப்போது என் சேதி. புல்லான் குஞ்சுகளை ஜோடிக்கு ஒன்றாக மூன்று கூட்டமாக வைத்திருந்தேன் அல்லவா, அதில் மூன்றாவது கூட்டம் எல்லாரையும் திகைக்க வைத்துவிட்டது. குச்சி ஜீன் இருபத்துமூன்றாவது மணியிலேயே தொடங்கியிருக்கிறது. ஒரே வகைக்குள்ளேயே நேரம் நகர்கிறது என்றால் அது பெரிய விஷயம், பேராசிரியர் இரண்டு தடவை அறைக்குக் கூப்பிட்டுவிட்டார். ஜூனில் ஒரு பெரிய மாநாட்டில் நான் பேச வேண்டும். கொக்குக்கு முகம் நீண்டுவிட்டது, அது ஏற்கெனவே நீளம்தான்.

நீங்கள் எதையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். மாமா இருந்தால் இந்நேரம் எனக்கு ஒரு மூட்டை சிப்பி அனுப்பியிருப்பார்.

உங்கள் வால்


மார்ச் 20

அன்புள்ள வாலுக்கு,

சௌக்கியமா? நான் சௌக்கியம். உன் சேதி படித்தேன். சந்தோஷம்.

இங்கே காற்று அதிகம். இரண்டு நாளாகப் படகு போகவில்லை. கண்ணாடிச் சாமான் கழுவுகிறவர் வீட்டில் பேரன் பிறந்திருக்கிறான். எனக்குப் பல் வலி, ஒன்றைப் பிடுங்கியாயிற்று. குடி தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது.

அந்த மூன்றாவது கூட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இரண்டை வைத்துப் பேச முடியாதா? எனக்கு ஒன்றும் தெரியாது, தோன்றியதை எழுதினேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அத்தை


ஏப்ரல் 19

அன்புள்ள அத்தைக்கு,

பல் வலி எப்படி இருக்கிறது? உங்கள் போன கடிதம் பதினோரு வரி. எண்ணிப் பார்த்தேன். கோபமா?

மூன்றாவது கூட்டத்தை விட முடியாது அத்தை. எல்லாரும் அதைக் கேட்கத்தான் வரப்போகிறார்கள். கட்டுரையும் எழுதியாகிவிட்டது. அதன் கடைசியில் உதவியவர்களுக்கு நன்றி சொல்கிற இடத்தில் நான் எழுதியிருப்பதை உங்களுக்காகத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்: "இந்த ஆய்வின் எல்லா உயிர்களையும் தொட்டே இனம் கண்டு பிரித்துத் தந்த என் அத்தையின் கைகளுக்கு."

பேராசிரியர் படித்துவிட்டு, இந்த வரியை யாரும் வெட்டக் கூடாது என்றார். மாநாட்டில் உங்கள் கையைப் படமாகக் காட்டப்போகிறேன். தொட்டியில் கை விட்டு நிற்கிறீர்களே, மாமா எடுத்த படம், அது.

மே பத்துக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். ஆசீர்வாதம் செய்யுங்கள்.

உங்கள் வால்


ஏப்ரல் 27

அன்புள்ள வாலுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும். இந்தத் தடவை முதலில் விஷயத்தை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் பல் வலியும் குடி தண்ணீரும் எழுதிவிட்டு உறையை ஒட்டிவிடுவேன். மூன்று கடிதம் அப்படித்தான் ஒட்டினேன்.

அந்தக் கட்டுரையை அனுப்பாதே. எனக்கு முள்ளெலியைப் பிரிக்கத் தெரியாது. எப்போதுமே தெரிந்ததில்லை.

பதினாலு வருஷமாகப் பிரித்தவர் உன் மாமா. அவருக்கும் பார்த்தெல்லாம் தெரியாது. எங்கே எடுத்தார் என்பது தெரியும், அவ்வளவுதான். பாறையிலிருந்து எடுத்தால் ஒரு கூடை, கடல் புல்லிலிருந்து எடுத்தால் வேறு கூடை. பாறைக் கூடைக் கயிற்றில் இரண்டு முடிச்சு, புல் கூடைக்கு ஒரு முடிச்சு. கூடை என் கைக்கு வரும்போதே எது எது என்று எனக்குத் தெரிந்துவிடும். நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். நான் இரண்டு தொட்டியில் மடமடவென்று போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. "எப்படிம்மா தெரியுது?" என்றார். நான் விளையாட்டாக, "தொட்டாத் தெரியும் சார்" என்றேன். அவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன், நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இருந்துட்டுப் போகட்டுமே. எனக்குக் கடலோட பேரு இருக்கு. உனக்கு அங்க வாளியும் துடைப்பமும்தான் இருக்கு. இது உனக்கு நான் எடுத்துட்டு வந்ததுன்னு வெச்சுக்க" என்றார்.

வைத்துக்கொண்டேன். அதுதான் என் ஆசை வாலு, மறைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துப் பார்த்தார்கள். படித்தவர்கள் எனக்கு நாற்காலி போட்டார்கள். மாமா தூரத்தில் வலையை உதறிக்கொண்டு கண்ணடிப்பார். எங்கள் இரண்டு பேருக்குள்ளே அது ஒரு சிரிப்பு. அவர் இருந்தவரை யாருக்கும் அதனால் நஷ்டம் இல்லை. முடிச்சு பொய் சொல்லவில்லை.

நீ வந்தபோது மாமா போய் ஆறு வாரம். புது ஆளுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாறையிலும் புல்லிலும் எடுத்ததை ஒரே சாக்கில் கட்டிக்கொண்டு வந்து என் காலடியில் கொட்டினார். "அதான் நீங்க இருக்கீங்களே" என்றார். முப்பது கறுப்பு உருண்டை. நீ மேல் அறையில் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாய். ஆணியில் மாமாவின் முடிச்சுக் கயிறு தொங்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாடி ஏறி உன்னிடம் சொல்லியிருக்கலாம், பன்னிரண்டு படிதான். நான் ஏறவில்லை. மாமாவும் போய்விட்டார், இதுவும் போய்விட்டால் நான் அந்த இடத்தில் யார் என்று இருந்தது எனக்கு.

முள்ளில் புல் துணுக்கு ஒட்டியிருந்ததை எல்லாம் புல்லான் என்று போட்டேன். ஒரே சாக்கில் உருண்டு வந்தவை, யார் புல் யார் மேல் ஒட்டியதோ. ஒன்றும் ஒட்டாமல் இருந்ததைப் பாறையான் என்றேன். பாறையான் பத்தொன்பது வந்தது, புல்லான் பதினொன்று வந்தது. உனக்குப் பதினைந்தும் பதினைந்தும் வேண்டும் என்றாய். நாலை எடுத்துப் புல்லான் பக்கம் போட்டுப் பதினைந்து ஆக்கினேன். எந்த நாலு என்று கேட்டால் கைக்கு அருகில் இருந்த நாலு. நீ இறங்கி வந்து, "முடிஞ்சுதா அத்தை? ஸ்கேன் அம்மான்னா ஸ்கேன் அம்மாதான்" என்று என் கையில் முத்தம் கொடுத்தாய். உப்புக் கரிக்கிறது என்று சிரித்தாய்.

அந்த முத்தம் என்னைத் தூங்க விடவில்லை.

பாலைப் பற்றிப் புது ஆள் எதுவும் கேட்கவில்லை. அது நான் கேட்டது. நீ எழுதிய பதிலில் மேல் பத்தியில் ஐந்தரை என்று இருந்தது, கீழ்ப் பத்தியில் இருபத்துமூன்று மணி என்று இருந்தது. ஐந்தாவது படித்தவளுக்கே இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடிந்தது.

என் பேரை எடுத்துவிடு. அந்தப் படத்தைக் காட்டாதே. உன் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றால் சொல்லு, என் தம்பி முகத்தில் நான் எப்படியும் முழிக்கத்தான் வேண்டும். உன் நாலு வருஷத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதாமல் இருந்தது அதைவிட.

உன்னைச் சாப்பிடு என்று சொல்லும் தகுதிகூட இப்போது எனக்கு இல்லை. இருந்தாலும் சாப்பிடு.

அத்தை


ஜூன் 8

அன்புள்ள வாலுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் நலம். ஆறு வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரர் என்னைக் கண்டால் சைக்கிளை மெதுவாக்காமலே போகிறார். அது சரிதான், உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. பதில் வாங்குவதற்காக இதை எழுதவில்லை.

பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அதை உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. அவர் அறைக்குள் போய் நின்றேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், எனக்கு முள்ளெலி பிரிக்கத் தெரியாதுங்க."

"எது தெரியாது?"

"எதுவும் தெரியாதுங்க. பதினாலு வருஷமாத் தெரியாது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். கடைசியில், "எனக்கும் தெரியாதும்மா. அதனாலதானே உங்களைக் கேட்டேன்" என்றார். பிறகு தொட்டி அறைப் பதிவு நோட்டை எல்லாம் எடுத்து, மாமா போன நாளுக்குப் பிறகு நான் பிரித்துக் கொடுத்தது எது எது என்று ஒவ்வொன்றாகச் சிவப்பு மையில் கோடு போட்டார். மொத்தம் ஐந்து இடம். உன்னுடையதுதான் பெரியது. அந்தக் கோடு போடும் சத்தம் இன்னும் கேட்கிறது. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இப்போது நான் தொட்டி அறையில் இல்லை, கண்ணாடிச் சாமான் கழுவுகிற இடத்தில் இருக்கிறேன். "என்ன ஸ்கேன் அம்மா, மிஷின் ரிப்பேராமே?" என்று பேரன் பிறந்தான் என்று எழுதினேனே, அவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மிஷின் வாங்கும்போதே அப்படித்தான் என்று சொன்னேன்.

மாமாவையும் சேர்த்துக் காட்டிக் கொடுத்த மாதிரி இருக்கிறது. அவர் எனக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரைக் கேட்காமல் கொடுத்தேன். நாற்காலி, பேர், எல்லாம் போகட்டும், அந்தக் கண்ணடிப்பைத்தான் விட முடியவில்லை.

கடிதம் போடாவிட்டாலும் பரவாயில்லை. இருமல் வந்தால் அசட்டையாக இருக்காதே.

அத்தை


ஜூலை 14

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலமாக இல்லை, அதனால் உங்களைக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. கால், பல், தூக்கம் மூன்றும் எப்படி என்று எழுதுங்கள்.

உங்கள் கடிதம் மே ஐந்தாம் தேதியே வந்தது. கட்டுரை அனுப்ப ஐந்து நாள் இருந்தது. கோபத்தில்தான் பதில் போடவில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

அத்தை, எனக்கு முன்பே தெரியும்.

பிப்ரவரியில், உங்கள் கேள்வி வருவதற்கு நாலு நாள் முன்னால், மூன்றாவது கூட்டத்தின் ஜீன் எழுத்தைப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு விதமான எழுத்து இருந்தது. பாதி புல்லான், பாதி பாறையான். தாய் ஒரு வீடு, தகப்பன் இன்னொரு வீடு என்றால் அப்படித்தான் இருக்கும். முதல் வருஷத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பக்கத்துக் குப்பியிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தியிருக்கும் என்று என் நோட்டில் எழுதி மூடிவைத்தேன். சிந்தவில்லை என்று எனக்குத் தெரியும். என் கையால் மூடிய குப்பி.

பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது, "புது ஆள் கேட்டார்" என்று. யார் கேட்டது என்று எனக்கா தெரியாது? உங்களை ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. உங்கள் கையைப் புகழ்ந்து எழுதினேன். பதினாலு வருஷம், தப்பே நடந்ததில்லை, மிஷினை நம்புவதா என்று. நீங்கள் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்றுதான் எழுதினேன். நன்றி வரியும் அதற்குத்தான். பிரியமும் இருந்தது அத்தை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வரியை எழுதும்போது உங்கள் வாயைத்தான் நினைத்துக்கொண்டேன், கையை அல்ல.

ஐந்தரையையும் இருபத்துமூன்றையும் ஒரே தாளில் எழுதினேனே, அது ஏன் என்று எனக்கே தெரியவில்லை. நீங்கள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்றும் இருந்தது, கண்டுபிடித்தாலும் சொல்லாமல் இருந்துவிட வேண்டும் என்றும் இருந்தது.

நீங்கள் துக்கத்தில் இருந்தீர்கள், ஒரு நாள் தவறினீர்கள். எனக்கு என்ன துக்கம்? எல்லாம் தெரிந்து மூன்று மாதம் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தேன். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். இதை எழுதிவிட்டு இரண்டு தடவை கிழித்தேன். இது மூன்றாவது.

கட்டுரையை அனுப்பவில்லை. பேராசிரியரிடம் உங்கள் தவறை மட்டும் சொல்லி என்னுடையதை மறைத்திருக்கலாம். கதவு வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். உள்ளே போய் நோட்டைத் திறந்து, "சிந்தியது" என்று எழுதிய பக்கத்தைக் காட்டினேன். மாநாட்டில் என் இடத்தில் கொக்கு பேசினார். என் மேசையைத் தாண்டும்போது கழுத்தைக் குனிந்துகொண்டு போகிறார், அது எட்டிப் பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

ஒரு வருஷம் மறுபடி செய்யலாம் என்று பேராசிரியர் சொல்லியிருக்கிறார். டிசம்பரில் அங்கே வருவேன். இந்தத் தடவை ஒவ்வொன்றின் முள் நுனியிலும் கொஞ்சம் எடுத்துச் சோதித்த பிறகே முட்டை எடுப்பேன். இருந்தாலும் எங்கே எடுத்தது என்று எனக்குத் தெரிய வேண்டும். பெரிய டாக்டருக்கும் எழுதியிருக்கிறேன். உங்களைத் தொட்டி அறைக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டேன். வருவீர்களா என்று தெரியவில்லை.

என்னை இன்னும் வால் என்று கூப்பிடுவீர்களா?

உங்கள் மருமகள்


நவம்பர் 28

அன்புள்ள வாலுக்கு,

வால்தான். அதை யார் மாற்ற முடியும்?

கால் பரவாயில்லை. பல் இன்னொன்று போயிற்று. தூக்கம் பாதி. உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் கோபம் காரணம். நீ என்னைப் புகழ்ந்ததை நான் மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். அது எதற்காக எழுதினது என்று தெரிந்ததும் ஒரு வாரம் உன்மேல் கோபம். பிறகு, நான் யார் கோபப்பட என்று ஒரு மாதம். பிறகு அதுவும் போய்விட்டது. பொய் சொன்ன இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் எத்தனை நாள் முறுக்கிக்கொண்டு இருப்பது? அந்த மூன்றாவது கூட்டத்துக் குஞ்சுகளைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அவை என்ன செய்தன பாவம். அவற்றுக்குச் சொன்ன நேரத்துக்கு அவை அடுப்பைப் பற்றவைத்தன.

தொட்டி அறைக்குத் திரும்பி வந்துவிட்டேன். பெரிய டாக்டர் கூப்பிட்டு, "போறீங்களாம்மா?" என்றார். பிரிக்கிற வேலை என்றால் மாட்டேன் என்றேன். "பிரிக்க வேணாம். தெரிஞ்சதைத் தெரிஞ்சதுன்னு வைங்க" என்றார்.

மாமாவின் கயிற்றை ஆணியிலிருந்து எடுத்துப் புது ஆளிடம் கொடுத்தேன். பாறைக் கூடைக்கு இரண்டு முடிச்சு, புல் கூடைக்கு ஒன்று என்று சொன்னேன். மாமா போட்ட முடிச்சு உப்பில் இறுகிக் கல் மாதிரி இருந்தது, அதை அவிழ்க்க வேண்டாம் என்று அப்படியே கட்டச் சொன்னேன். புல் கூடைக்கு மட்டும் புதுக் கயிறு, முடிச்சு என் கையால் போட்டேன். அவர் கயிற்றையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இதுதான் ஸ்கேனா?" என்றார். இதுதான் என்றேன்.

நீ முப்பது வேண்டும் என்று பெரிய டாக்டருக்கு எழுதியிருந்தாயாம். முப்பது இல்லை. முதல் நாள் நல்லபடியாக வந்தது, பாறையான் ஆறு, புல்லான் ஐந்து. நேற்று அலை அதிகம். படகில் இரண்டு கூடையும் கவிழ்ந்து பத்தொன்பது ஒன்றோடொன்று கலந்துவிட்டன. அவர் பாவம், அள்ளிக் கொண்டுவந்து தலையைச் சொறிந்தார். ஒன்றைத் தூக்கிக் காட்டி, "இதுல புல்லு ஒட்டியிருக்கு பாருங்க, இது புல்லான்தானே?" என்றார்.

"ஒட்டினது புல்லு. உள்ள இருக்கிறது யாருன்னு உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது" என்றேன்.

"பெரிய டாக்டர் கேட்டா?"

"அதையே சொல்லு."

மூலையில் சும்மா கிடந்த தொட்டியைக் கழுவித் தண்ணீர் விட்டு அந்தப் பத்தொன்பதையும் அதில் போட்டேன். முதல் தொட்டியில் பாறையான் என்று அட்டை தொங்குகிறது, இரண்டாவதில் புல்லான். மூன்றாவதற்கு நானே ஓர் அட்டை வெட்டி, பெரிய எழுத்தில் "தெரியாது" என்று எழுதி மாட்டினேன். எழுத்துக் கோணல்தான். அந்த வழியாகப் போகிறவர்கள் நின்று படித்துவிட்டுப் போகிறார்கள். ஒவ்வொருத்தர் நிற்கும்போதும் எனக்குக் காது சுடுகிறது. கழற்றவில்லை.

நீ வந்து முள் நுனி எடுத்துச் சோதித்து எது எது என்று சொல்லு. எனக்கும் காட்டு. பார்த்தால் தெரிகிற மாதிரி ஏதாவது இருந்தால் கற்றுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் விடு. நன்றி வரி மறுபடி எழுதுவதாக இருந்தால் கயிற்றுக்கு எழுது.

செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. வரும்போது பார்ப்பாய், ஒன்றும் கேட்காதே.

நேற்று கிளம்பும் முன் இரண்டு தொட்டிக்கும் தீனி போட்டுவிட்டுக் கதவு வரை வந்துவிட்டேன். மூன்றாவதின் பக்கம் போகக் கூச்சமாக இருந்தது. பிறகு திரும்பிப் போய் அதற்கும் போட்டேன். பத்தொன்பதும் சாப்பிடுகின்றன.

நீயும் சாப்பிடு.

அத்தை